கீச்சானும் ஏழாவது சிலுவையும்

தலைவன் ஒருவன்; நாட்டு மக்களோ கோடிக்கணக்கானோர். எனினும் அந்த ஒருவன் வாய் திறந்தால் நாடே பேசுகிறது என்கிறோம். அவன் வாளை உருவினால் நாடே வாளேந்தி நிற்கிறது என்கிறோம். அந்நாட்டில் பிறந்த எவனையேனும் வழியில் கண்டால், இவன் கையிலும் குருதிக் கறை இருக்கும் என்று ஒதுங்குகிறோம். எண்ணிப் பார்த்தா இப்படிச் சொல்கிறோம்? இல்லை, தோழர்களே! எண்ணிப் பார்க்கும் வேலையை மிச்சப்படுத்திக் கொள்வதற்காகவே சொல்கிறோம்.

இந்தச் சோம்பலுக்குச் சான்றாக ஓர் ஏடும், இந்தச் சோம்பலுக்குச் சாட்டையடியாக ஓர் ஏடும், இரண்டாம் உலகப் போரின் நடுவே அடுத்தடுத்த ஆண்டுகளில் வெளிவந்தன. ஒன்று, ஆங்கில அரசின் உயர் அலுவலர் இராபர்ட் வான்சிட்டார்ட் 1941இல் வெளியிட்ட ‘கறுப்புப் பதிவேடு’. மற்றொன்று, ஜெர்மன் எழுத்தாளர் அன்னா சேகர்ஸ் அம்மையார் 1942இல் வெளியிட்ட ‘ஏழாவது சிலுவை’ என்னும் புதினம். முன்னது வரலாறு என்று கூறிக்கொண்டு வந்த கற்பனை. பின்னது கற்பனை என்று கூறிக்கொண்டு வந்த வரலாறு!

வான்சிட்டார்ட் விவரமறியாதவரல்லர். 1930 முதல் எட்டாண்டுக் காலம் ஆங்கில வெளியுறவு அமைச்சகத்தின் நிரந்தரச் செயலாளராக இருந்தவர். இட்லர் ஆட்சிக் கட்டிலேறிய 1933ஆம் ஆண்டிலேயே, இந்த மனிதன் போரைக் கொண்டுவருவான் என்று எச்சரித்தவர். இட்லரைத் தட்டிக் கொடுத்துத் தணித்துவிடலாம் என்று அமைச்சர் பெருமக்கள் மனப்பால் குடித்தபோது, ஆகாது என்று அறைந்தவர். அதனால் அதிகாரமற்ற ஆலோசகர் பதவிக்குத் தள்ளப்பட்டவர். அந்தத் துணிவை நாம் மறைக்க வேண்டுவதில்லை, மதிப்போம். ஆனால் இட்லரை அறிந்தவர், இட்லரின் காலடியில் கிடந்த மக்களையும் அறிந்தாரா? அங்கேதான் ஏடு இடறி விழுகிறது.

வானொலியில் ஆற்றிய சொற்பொழிவுகளின் தொகுப்பே அந்த ஏடு. தொடக்கத்தில் ஒரு பறவை வருகிறது. இளமையில் அவர் ஜெர்மன் கப்பல் ஒன்றில் கருங்கடலைக் கடந்து சென்றாராம். கப்பலின் கயிறுகளில் வண்ண வண்ணச் சிறு பறவைகள் அமர்ந்திருந்தனவாம். அவற்றிடையே கீச்சான் ஒன்று. பிறபறவைகளைக் கொன்று முள்ளில் குத்தி வைக்கும் வழக்கத்தால் ‘கசாப்புக்காரப் பறவை’ என்று ஆங்கிலேயர் பெயரிட்ட அதே கீச்சான். அது சிறு பறவைகளை ஒவ்வொன்றாகக் கொன்றதாம். அந்தக் கீச்சான்தான் ஜெர்மனி என்கிறார் ஆசிரியர். பிறகு, உரோமப் பேரறிஞன் டாசிட்டஸ் முதல் நூற்றாண்டின் இறுதியில் எழுதியதைச் சாட்சிக்கு அழைக்கிறார், பிஸ்மார்க்கை அழைக்கிறார், கெய்சரை அழைக்கிறார், இட்லர் தற்செயலாகத் தோன்றியவனல்லன், அந்த இனத்தின் இயல்பான விளைச்சலே என்று தீர்ப்பளிக்கிறார். நல்ல ஜெர்மானியரே இல்லையென்று அவர் சொல்லவில்லை. இருக்கிறார்கள், ஆனால் எதற்கும் பயன்படாத சிலர் என்று ஒதுக்கிவிடுகிறார்.

உவமை அழகாகத்தான் இருக்கிறது. ஆனால், தோழர்களே, கீச்சான் தேர்தலில் நின்றதுண்டா? கீச்சானை எதிர்த்து வாக்களித்த கீச்சான்கள் உண்டா? கொல்ல மாட்டேன் என்று கூறிச் சிறை புகுந்த கீச்சானை எவரேனும் கண்டதுண்டா? ஜெர்மானியருள் இவை அனைத்தும் உண்டு. அவற்றுக்குக் கணக்கும் உண்டு.

1933 மார்ச் 5ஆம் நாள் நடந்த தேர்தலை எடுத்துக்கொள்வோம். இட்லர் அதற்குள் முதலமைச்சராகிவிட்டான். காவல்துறை அவன் கையில், அடியாட்கள் தெருவில், பொதுவுடைமையர் ஆயிரக்கணக்கில் சிறையில். அத்தனை அச்சத்துக்கு நடுவிலும் அவன் கட்சி பெற்ற வாக்கு நூற்றுக்கு 43.9. பாதிகூட இல்லை! சமூக ஜனநாயகக் கட்சிக்கும் பொதுவுடைமைக் கட்சிக்கும் விழுந்த வாக்குகளைக் கூட்டினால் ஏறத்தாழ 1 கோடியே 20 இலட்சம். அதே மாதம் 23ஆம் நாள், எல்லா அதிகாரத்தையும் இட்லரிடம் ஒப்படைக்கும் சட்டம் வந்தபோது, ஆயுதமேந்திய அடியாட்கள் சூழ்ந்து நின்ற மன்றத்தில், ஓட்டோ வெல்ஸ் எழுந்து எதிர்த்துப் பேசினார். அவர் கட்சியினர் 94 பேர் எதிர்த்து வாக்களித்தனர். அந்தச் சட்டத்துக்கு ஒரு நாள் முன்புதான் டாக்கோ வதை முகாம் திறக்கப்பட்டது. யாரை அடைக்க? அயல்நாட்டாரையா? முதன்முதல் அதனுள் தள்ளப்பட்டோர், இட்லரை எதிர்த்த ஜெர்மானியர்!

1934 ஆகஸ்டில், குடியரசுத் தலைவர் அதிகாரத்தையும் தானே எடுத்துக்கொண்டு, மக்களே இதற்கு இசைவு தாருங்கள் என்று வாக்கெடுப்பு நடத்தினான் இட்லர். எதிர்க்கட்சி இல்லை, எதிர்க்கும் ஏடு இல்லை, எதிர்த்தவனுக்கு முகாம் உண்டு. எனினும் 43 இலட்சம் பேர் ‘இல்லை’ என்று குறியிட்டனர். அந்த 43 இலட்சம் பேரும் எந்தக் கீச்சானின் குஞ்சுகள்?

இதோ, ஏட்டின் அடிப்படைப் பிழை வெளிப்படுகிறது. நாடு ஒன்று, மக்கள் ஒன்று, தலைவன் ஒருவன். மூன்றும் பிரிக்க முடியாதவை என்பது யாருடைய முழக்கம்? இட்லரின் முழக்கம்! வாக்குப் பெட்டியால் அதனை மெய்ப்பிக்க அவனால் முடியவில்லை. ஆகவே சிறைக்கூடத்தால் மெய்ப்பிக்க முயன்றான். அவனால் முடியாததை, அவனுடைய பெரும்பகைவரே முடித்துக் கொடுக்கிறார். ஆம், நீ சொல்வது உண்மைதான், நீயும் உன் மக்களும் ஒன்றுதான் என்று சான்றிதழ் எழுதித் தருகிறார். கோயபல்ஸ் அதனை விட்டுவிடுவானா? பார்த்தீர்களா, இங்கிலாந்துக்குப் பகை இட்லரல்லன், நீங்கள்தான் என்று தன் மக்களை மிரட்ட அதனையே எடுத்தாண்டான். ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த ஐன்ரிச் பிரெங்கல், அதே 1941இல் மறுப்பு எழுதி, ‘கோயபல்சுக்கு வான்சிட்டார்ட் தந்த பரிசு’ என்றே தலைப்பிட்டார். யூதக் குடும்பத்தில் பிறந்த ஆங்கிலப் பதிப்பாளர் விக்டர் கோலன்ஸ் 1942இல் மற்றொரு மறுப்பு நூலை எழுதினார். இட்லரை வெறுக்க இவர்களுக்கு வான்சிட்டார்ட் பாடம் சொல்லித் தர வேண்டிய நிலை இல்லை.

குருதியே குணத்தைத் தீர்மானிக்கிறது என்பது நாஜிகளின் வேதம். அதே வேதத்தைத் திருப்பி ஓதிக்கொண்டு நாஜியை வெல்வது எப்படி? பிறப்பால் குணம் என்னும் பித்தலாட்டத்தை, அது எந்த உடையணிந்து வந்தாலும் அடையாளம் காணப் பயின்றவர்கள் நாம். அது வெற்றி பெற்ற நாட்டின் உடையில் வந்தாலும் நாம் ஏமாறுவதற்கில்லை.

ஏட்டளவில் நின்றுவிடும் பிழையா இது? அன்று. இதே எண்ணம், அந்த ஏடு வருவதற்கு ஓராண்டு முன்பே, சட்டமாகிச் சிறையாகி நின்றது. 1940ஆம் ஆண்டு கோடையில் ஆங்கில அரசு ஏறத்தாழ 27,000 பேரைப் பகைநாட்டார் என்று பிடித்து அடைத்தது. அவர்களுள் பெரும்பாலோர் யார்? இட்லருக்கு அஞ்சி ஓடிவந்த யூதர்கள். இட்லரை எதிர்த்து நாடிழந்தவர்கள். இவர்கள் கொடுமைக்குத் தப்பி வந்த அகதிகள் என்று அந்த அரசின் தீர்ப்பாயங்களே விசாரித்து எழுதிக்கொடுத்த பின்னும், பிறந்த நாடு ஜெர்மனி என்ற ஒரே காரணம் கதவைப் பூட்டப் போதுமானதாயிற்று. அப்படி அடைக்கப்பட்ட ஜெர்மானியரையும் இத்தாலியரையும் ஏற்றிக்கொண்டு கனடா நோக்கிச் சென்ற ‘அரண்டோரா ஸ்டார்’ கப்பலை, 1940 சூலை 2ஆம் நாள் ஜெர்மன் நீர்மூழ்கி தாக்கி மூழ்கடித்தது. மாண்டோர் 800க்கு மேல். அவர்களுள் இட்லரின் பகைவர்களும் இருந்தனர். இட்லரின் ஆட்கள் என்று அடைக்கப்பட்டு, இட்லரின் குண்டுக்கே இரையாயினர்! ஒரு பொதுச்சொல் எத்தனை உயிரை விழுங்குகிறது, பாருங்கள்.

இனி, இரண்டாவது ஏட்டைத் திறப்போம்.

அன்னா சேகர்ஸ் யூதக் குடியில் பிறந்தவர், பொதுவுடைமையர். 1933இல் ஜெர்மனியை விட்டு வெளியேறி, பிரான்சில் தங்கி, அங்கும் நாஜிப்படை நுழைந்தபின் மெக்சிகோ சேர்ந்தவர். ஜெர்மானியரை மொத்தமாகச் சபிக்க எவருக்கேனும் உரிமை உண்டென்றால், அது அவருக்கு உண்டு. அவருடைய தாயார், புதினம் வெளிவந்த அதே 1942இல், போலந்துக்கு நாடு கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார். ஆனால் அவர் எழுதியது சாபமன்று. நாஜியை எதிர்த்து மாண்டோர்க்கும் வாழ்வோர்க்கும், ஜெர்மானியராகிய அவர்களுக்கே, நூலைக் காணிக்கையாக்கினார்.

கதை எளியது. வதை முகாமிலிருந்து எழுவர் தப்புகின்றனர். முகாமின் தலைவன் ஏழு மரங்களின் தலையைத் தறித்து, குறுக்கே பலகை அறைந்து, ஏழு சிலுவைகள் ஆக்குகிறான். தப்பியோர் அனைவரையும் கொண்டுவந்து கட்டுவேன் என்பது அவன் சூள். அறுவர் அழிகின்றனர். ஏழாவது மரம் மட்டும் வெறுமையாகவே நிற்கிறது. அந்த வெறுமைதான் கதையின் முழுப்பொருள்.

அந்த ஏழாமவன் கெயோர்க் ஐஸ்லர். அவன் தன் வீரத்தால் தப்பினானா? அப்படிச் சொன்னால் அது சந்தைக் கதையாகியிருக்கும். அவன் தப்பியது மற்றவர்களால். எப்படிப்பட்ட மற்றவர்கள்? அங்கேதான் ஆசிரியரின் திறம் ஒளிர்கிறது. பவுல் ரோடர் என்றொரு தொழிலாளி. அரசியல் அறியான். பிள்ளைகளுக்காக அரசு தந்த உதவி கிடைத்தது, வேலையும் கிடைத்தது. இந்த ஆட்சி நன்றாகத்தானே இருக்கிறது என்று மகிழ்ந்திருப்பவன். கணக்கெடுப்போர் அவனை இட்லர் பக்கம் எழுதிக்கொள்வர். வான்சிட்டார்ட் கீச்சான் கூட்டில் சேர்த்துவிடுவார். அந்த ரோடரின் வீட்டுக் கதவை, பழைய நண்பன் ஐஸ்லர் தட்டுகிறான். உண்மை தெரிந்த பின்னும் ரோடர் அவனைக் காட்டிக்கொடுக்கவில்லை. கெஸ்டப்போ அழைத்து விசாரித்தபோதும் வாய் திறக்கவில்லை.

பிரிட்ஸ் எல்விக் என்றொரு சிறுவன். இட்லர் இளைஞர் படையைச் சேர்ந்தவன். ஐஸ்லர் தப்பும் வழியில் திருடியது அவனுடைய புத்தம் புதிய மேற்சட்டையை. அதற்காக எவ்வளவு கொதித்தான் அவன்! ஆனால், அந்தச் சட்டையைக் கண்டெடுத்து, இது உன்னுடையதா என்று அதிகாரிகள் கேட்டபோது, இல்லை என்கிறான். ஒரே ஒரு சொல்! ஒருவன் உயிர் பிழைக்க அது உதவுகிறது. மேடையேறிய புரட்சியன்று அது; மனத்தின் மூலையில் நிகழ்ந்த மாறுதல். அதனைக் காணக் கண் வேண்டும். மொத்த விற்பனைக்காரருக்கு அந்தக் கண் இல்லை.

புதினத்தில் குறையே இல்லையா? உண்டு. யூதர்மீது இழைக்கப்பட்ட கொடுமை, இவ்வளவு பெரிய நூலில் மிகச் சிறிய இடமே பெறுகிறது. ஐஸ்லரின் கைக்காயத்துக்குக் கட்டுப்போடும் யூத மருத்துவர் லோவென்ஸ்டைன் வந்து மறைந்துவிடுகிறார். ஆனால் ஜெர்மானியர் அனைவரும் உத்தமர் என்று ஆசிரியர் எங்கும் சாதிக்கவில்லை. முன்னாள் காதலி லேனி கதவை அடைக்கிறாள், காட்டிக்கொடுப்போர் இருக்கின்றனர், அடிப்பதில் இன்பம் காண்போர் இருக்கின்றனர்.

ஏனெனில் உண்மை அப்படித்தான் இருந்தது. ஓட்டோ ஆம்பல், எலிசே ஆம்பல் என்னும் பெர்லின் தொழிலாளத் தம்பதியர், போரில் எலிசேயின் தம்பி இறந்த பின், இட்லரை எதிர்த்து 200க்கு மேற்பட்ட அஞ்சலட்டைகளைக் கைப்பட எழுதி மாடிப்படிகளில் வைத்துச் சென்றனர். 1943 ஏப்ரலில் இருவர் தலையும் வெட்டப்பட்டன. அந்த அட்டைகளைக் கண்டெடுத்தோர் என்ன செய்தனர்? மிகப் பெரும்பாலோர் காவலரிடம் ஒப்படைத்துவிட்டனர்! எழுதியவரும் ஜெர்மானியர், ஒப்படைத்தவரும் ஜெர்மானியர். இருவருக்கும் ஒரே பெயரிட்டால், எழுதியவரை இரண்டாம் முறை கொல்கிறோம்; ஒப்படைத்தவரைக் கூட்டத்துக்குள் ஒளித்துவைக்கிறோம். எல்லாரும் குற்றவாளிகள் என்னும்போது, உண்மைக் குற்றவாளிக்கு அதைவிட நல்ல மறைவிடம் எது?

போர் முடிந்ததும் நியூரம்பர்க்கில் கூடிய நீதிமன்றம் ஜெர்மனி என்னும் நாட்டைக் கூண்டிலேற்றவில்லை. பெயர் சொல்லி, செயல் சொல்லி, சான்று காட்டி விசாரித்தது. 1946 அக்டோபர் 1ஆம் நாள், 12 பேருக்குத் தூக்கு, 7 பேருக்குச் சிறை, 3 பேருக்கு விடுதலை என்று தீர்ப்பாயிற்று. விடுதலையும் உண்டு என்பதால்தான் தண்டனைக்கு மதிப்பு உண்டாயிற்று.

பழங்கதை என்று தள்ளிவிடாதீர்கள். 2022 பிப்ரவரியில் புட்டின் உக்ரைன்மீது படையெடுத்தபோது, போர் வேண்டாமென்று ரஷ்ய நகரத் தெருக்களில் நின்ற ஆயிரக்கணக்கானோர் கைது செய்யப்பட்டனர். அதே வேளையில், இத்தாலியின் மிலான் நகரப் பல்கலைக்கழகம் ஒன்று தாஸ்தயேவ்ஸ்கி பற்றிய விரிவுரைகளை ஒத்திவைக்க முற்பட்டு, கண்டனம் எழுந்ததும் பின்வாங்கியது. தாஸ்தயேவ்ஸ்கி யார்? 1849இல் ஜார் அரசால் கொலைக்களத்தில் நிறுத்தப்பட்டு, கடைசி நேரத்தில் தண்டனை குறைக்கப்பட்டு, சைபீரியச் சிறைக்கு அனுப்பப்பட்டவர்! ரஷ்ய ஆட்சியின் கைதியாக இருந்தவரை, ரஷ்ய ஆட்சியின் தூதராக்கிவிடப் பார்த்தனர்.

எனவே, தோழர்களே, இன்ன நாட்டார் இப்படிப்பட்டவர் என்று எந்த ஏடு எழுதினாலும், எந்தப் பேச்சாளர் முழங்கினாலும், மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எத்தனை பேர் அவனுக்கு வாக்களித்தனர்? வாக்களிக்காதோர் இன்று எந்தச் சிறையில் இருக்கின்றனர்? வாய் மூடியிருப்போர் இசைந்து மூடியிருக்கின்றனரா, அஞ்சி மூடியிருக்கின்றனரா? விடை வருமட்டும் தீர்ப்பெழுதாதீர்கள். வான்சிட்டார்ட் ஏட்டை இன்று ஆராய்ச்சியாளர் மட்டுமே தேடிப் படிக்கின்றனர். ‘ஏழாவது சிலுவை’ பல மொழிகளில் வாழ்கிறது. நூலகத்தில் கிடைத்தால் எடுத்துப் படியுங்கள். பவுல் ரோடரின் வீட்டுக் கதவு தட்டப்படும் இடத்தில் சற்று நிறுத்தி, அந்தக் கதவுக்குப் பின்னே நாம் இருந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று எண்ணிப் பாருங்கள்.