கள்ளின் சுவையும் மதிப்பீட்டு அளவுகோலும்

கள்ளைப் பற்றித் தமிழில் இரண்டு வினாக்களே பெரிதும் எழுப்பப்பட்டு வந்துள்ளன. உண்ணலாமா என்பது ஒன்று. திருக்குறளின் 93ஆம் அதிகாரமாகிய கள்ளுண்ணாமை இவ்வினாவிற்கு விடை கூறுகின்றது. எவ்வளவு வெறி ஏறும் என்பது மற்றையது. இது தவறணையின் வினா. நன்கு ஆக்கப்பட்டதா என்னும் மூன்றாவது வினா இவ்விரண்டிற்குமிடையே மறைந்து போயிற்று. சுவை பற்றிய விமரிசனம் தொடங்க வேண்டிய இடம் இம்மூன்றாவது வினாவேயாகும்.

பழந்தமிழர் இவ்வினாவை அறியாதவரல்லர். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை, வலைஞர் குடியிருப்பிலே அரிசியிலிருந்து மது வடிக்கும் முறையைப் படிப்படியாகக் கூறுகின்றது. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவிச் சமைத்து, அகன்ற வாயுடைய தட்டில் ஆற்றி, அதனோடு முளையை இடித்துச் சேர்த்து, இரு பகலும் இரு இரவும் கழித்துச் சாடியில் முதிர விடுவர். முளைத்த தானியம் மாப்பொருளை வெல்லமாக்கும். வெல்லத்தை மதுவம் மதுசாரமாக்கும். வாற்கோதுமையை முளைக்க வைத்து மேனாட்டார் பியர் வடிப்பதும் இவ்வடிப்படையிலேயே. புலவர் இங்கு வெறியின் அளவைப் பேசவில்லை. பச்சை வாடை நீங்க முதிர்ந்ததா என்பதையும், அதனோடு உண்ணும் சுட்ட மீனையுமே பேசுகின்றார். இது தேர்ந்த சுவைஞனின் நோக்காகும்.

திருகோணமலை மாவட்டத்திலே, கொட்டியாரக் குடாவின் தெற்கே வயல் சூழ்ந்த கிளிவெட்டி போன்ற ஊர்களில், நெல் இன்று சோறாக மட்டுமே அறியப்படுகின்றது. நெற்கள் வழக்கொழிந்தது, கள் என்றால் மரத்துக் கள்ளே. பாளையில் ஊறும் சாற்றில் வெல்லம் இயல்பாகவே உண்டு. சுண்ணாம்பு தடவிய முட்டியில் அது கருப்பநீராக நிற்கும். தடவாத முட்டியில் சொட்டும்போதே நொதிக்கத் தொடங்கும். சில மணி நேரத்தில் மதுசாரம் 4 முதல் 6 வீதம் வரை உயரும். ஒரு நாள் கடந்தால் வினாகிரியாகத் திரியும்.

ஆகவே கள்ளிற்கு ஒரு சுவை இல்லை. பொழுதுக்கொரு சுவை உண்டு. காலையில் இனிப்பு முந்தும். பின்னர் இனிப்பும் புளிப்பும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும். மாலையில் புளிப்பு தனித்து ஓங்கும். நடுப்பொழுதின் அச்சமநிலையே நல்ல கள்ளின் அடையாளம் எனலாம். தொண்டையைக் கீறும் புளிப்பு முட்டி கழுவப்படாமையையோ காலங்கடந்தமையையோ காட்டும். நாவில் உடல் இன்றி ஓடுவது நீர் கலந்தமையைக் காட்டும். போத்தலில் அடைத்த பனங்கள் சூடேற்றப்படுவதால் கெடாது நிற்கின்றது. ஆயின் பொழுதோடு மாறும் அவ்வுயிர்ப்பை இழந்துவிடுகின்றது.

வெறியை மட்டும் அளவுகோலாகக் கொள்ளின் கள் தோற்பது திண்ணம். இலங்கையில் வடிக்கப்படும் லயன் ஸ்ரவுட்டின் மதுசாரமே ஏறத்தாழ 8 வீதம். சாராயம் அதனினும் பன்மடங்கு கடியது. இப்போட்டியில் கள் வெல்லக் கலப்படம் ஒன்றே வழியாகும். எனினும் லயன் ஸ்ரவுட் உலகப் பெயர் பெற்றது கடுமையால் மட்டுமன்று. ஆங்கில விமரிசகர் மைக்கல் ஜக்சன் (1942–2007) அதனைச் சுவைத்து, அச்சுவையைச் சொல்லில் வைத்துப் பாராட்டியமையும் அதற்குக் காரணமாகும். பனங்கள்ளிற்கு அத்தகைய சொல் வாய்க்கவில்லை.

சுவையை ஆராய்தல் குடியை ஊக்குவதாகாதா என வினவலாம். குடியால் அழிந்த குடும்பங்களை எவரும் மறுத்தற்கில்லை. ஆயினும் சுவையறிந்தவன் கலப்படத்தை மறுப்பான். வெறியொன்றையே நாடுபவன் எதையும் ஏற்பான். அன்றியும், தினமும் உயிரைப் பணயம் வைத்து மரமேறிப் பாளை சீவும் தொழிலாளியின் கைத்திறன் சுவையிலேயே வெளிப்படுகின்றது. அவன் சாதியின் பெயரால் இழித்துரைக்கப்பட்ட சமூகத்திலே, அவன் ஆக்கிய பொருளின் தரத்தைப் பேசுதல் அவன் உழைப்பிற்குரிய மதிப்பைப் பேசுதலேயாகும்.