'அர்' விகுதியும் 'அன்' விகுதியும்: செய்தி மேசையின் சாதி இலக்கணம்

பத்திரிகைக்காரர் என்றால் நம் ஜனங்களுக்கு நிருபரைத்தான் தெரியும். மோட்டார் சைக்கிளில் வந்து இறங்குகிறவர், போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நிற்கிறவர், பேரும் வயசும் கேட்டு எழுதிக்கொண்டு போகிறவர். செய்தி தப்பாக வந்துவிட்டால் "அந்த ரிப்போர்ட்டர் எழுதிப்புட்டான்" என்று அவரைத்தான் ஏசுவோம். ஆனால் அவர் எழுதி அனுப்பியது அப்படியே அச்சுக்குப் போவதில்லை. நரிக்குடியிலிருந்தும் திருச்சுழியிலிருந்தும் போகிற பத்துவரிச் செய்தி மதுரையில் ஒரு மேசைக்குப் போய்ச் சேருகிறது. அங்கே உதவி ஆசிரியர் உட்கார்ந்திருக்கிறார். வெட்டுகிறவர் அவர். தலைப்பு வைக்கிறவர் அவர். ஒரு ஆளை 'அவன்' என்பதா 'அவர்' என்பதா என்று முடிவு செய்கிறவரும் அவரே. எந்தச் செய்தியிலும் அவர் பெயர் வராது. கதையிலும் கவிதையிலும் சாதி எப்படி ஒளிந்திருக்கிறது என்று கிழித்துக் காட்டிய நாம், தினமும் காலையில் டீக்கடையில் கைமாறி கைமாறிப் போகிற அந்தத் தாளில் அது எப்படி வேலை செய்கிறது என்றும் பார்த்தாக வேண்டும்.

மேசைக்காரர்களுக்குப் பயிற்சியே கிடையாது என்று சொல்ல முடியாது. 1942இல் மதுரையில் 'தந்தி'யைத் தொடங்கிய சி.பா. ஆதித்தனார் தன் ஊழியர்களுக்காகவே 'இதழாளர் கையேடு' எழுதினார். மக்கள் பேசுகிற தமிழில் எழுது, கொச்சையை நீக்கி எழுது என்பதுதான் அந்தப் பள்ளிக்கூடத்தின் பாடம். முதல் பாதி பெரிய காரியம். சமஸ்கிருதம் கலந்த மேட்டுக்குடி நடையை அது உடைத்தது. எழுத்துக்கூட்டிப் படிக்கிற கூலிக்காரரையும் வாசகராக்கியது. இதை மறுக்கத் தேவையில்லை. வில்லங்கம் இரண்டாம் பாதியில்தான் இருக்கிறது. எது கொச்சை? யார் பேசினால் அது கொச்சை? இதே விருதுநகர் மாவட்டத்தில் வத்திராயிருப்புக்குப் பக்கத்துப் புதுப்பட்டியில் பிறந்த பாமா 1992இல் 'கருக்கு' எழுதினார். தெருவில் பேசுகிற பேச்சிலேயே எழுதினார். அந்தக் கையெழுத்துப் பிரதி ஒரு செய்தி மேசைக்குப் போயிருந்தால் பக்கத்துக்கு நூறு இடத்தில் சிவப்பு மை விழுந்திருக்கும். திருத்தி முடித்த பிறகு சொல்ல வந்த வாழ்க்கையே அதில் மிஞ்சியிருக்காது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாளிதழ் உதவி ஆசிரியர்களுக்கு நடத்திய இரண்டு நாள் பயிலரங்கில் நானும் உட்கார்ந்திருந்தேன். வல்லினம் மிகும் இடம், மிகா இடம் என்று ஒரு காலைப்பொழுது போனது. 'முயற்சிக்கிறார்' தப்பு, 'முயல்கிறார்' சரி. 'அருகாமையில்' தப்பு, 'அருகில்' சரி. தலைப்பில் எத்தனை எழுத்து அடங்கும், ஒரு பத்தியில் எத்தனை வாக்கியம் இருக்கலாம் என்பது மத்தியானப் பாடம். எல்லாம் பயனுள்ளவைதான். அதற்குப் பிறகு மாதிரிச் செய்தி என்று ஒன்றைக் கொடுத்துத் தலைப்பு வைக்கச் சொன்னார்கள். திருவிழாவில் ஒரு பையன் ஆடினான் என்பதற்காகக் காலனிக்குள் புகுந்து வீடுகளை நொறுக்கியிருக்கிறார்கள். பயிற்சி கொடுத்தவர் 'சரியான தலைப்பு' என்று பலகையில் எழுதியது: 'கோயில் விழாவில் இரு தரப்பினர் மோதல்'. "புகுந்து அடிச்சது ஒரு தரப்பு, அடிவாங்குனது ஒரு தரப்பு. இதுல மோதல் எங்க சார் இருக்கு?" என்று கேட்டேன். "தம்பி, அது பாலிசி. நாம பிழை திருத்துற ஆளுங்க" என்றார். பிழை திருத்துவதுதான் நம் வேலை என்றால் பலகையில் இருந்ததை விடப் பெரிய பிழை எது?

இந்தப் 'பாலிசி'யை ஆற அமரப் பார்ப்போம். சாதிப் பெயரை எழுதினால் கலவரம் பரவும், அதனால் மறைக்கிறோம் என்கிறார்கள். சாதி, மதப் பூசல் பற்றிய செய்திகளில் எச்சரிக்கை வேண்டும் என்று பிரஸ் கவுன்சில் நெறிமுறைகளும் சொல்கின்றன. சமபலம் உள்ள இரண்டு கூட்டம் தெருவில் மோதிக்கொண்டால் அந்த நியாயம் பொருந்தும். வன்கொடுமைக்குப் பொருந்தாது. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி, பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேர்ந்தவராகவும், செய்தவர் அவற்றைச் சேராதவராகவும் இருந்தால்தான் அது அந்தச் சட்டத்தின்படி குற்றம். அதாவது சாதி அந்தக் குற்றத்தின் உறுப்பு. உறுப்பை வெட்டி எறிந்துவிட்டு உடம்பை மட்டும் செய்தியாகப் போட்டால் அது வெறும் அடிதடியாகிவிடுகிறது. முதல் தகவல் அறிக்கையில் இருப்பது மேசையில் காணாமல் போகிறது.

யாரிடமிருந்து மறைக்கிறார்கள் என்பதையும் கேட்க வேண்டும். நரிக்குடி பஸ் ஸ்டாண்டில் நின்று படிக்கிறவருக்கு 'ஒரு தரப்பு' எது, 'மறு தரப்பு' எது என்று ஊர்ப் பேரைப் பார்த்த உடனே தெரிந்துவிடும். சென்னையிலும் கோவையிலும் படிக்கிறவருக்குத்தான் தெரியாது. ஆக, கலவரம் வரக்கூடிய இடத்தில் இந்த மூடுதுணி எதையும் மூடுவதில்லை. வெளியில் இருந்து நியாயம் கேட்கக்கூடியவர்களின் கண்ணைத்தான் அது மூடுகிறது.

மூடுதுணியும் சமமாகக் கிடையாது. ஆதிக்க சாதிக்காரர் 'அதே ஊரைச் சேர்ந்தவர்'. நம்மாள் 'காலனியைச் சேர்ந்தவர்'. ஒருத்தர் சாதி மறைகிறது, இன்னொருத்தர் சாதி விலாசமாக அச்சில் ஏறுகிறது. இது நடுநிலைமையாம்! 'காலனி' என்கிற சொல் இழிவின் அடையாளமாகவும் தீண்டாமையின் குறியீடாகவும் மாறிவிட்டதால், அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் அது நீக்கப்படும் என்று 2025 ஏப்ரல் 29 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஊரையும் சேரியையும் பிரிக்கிற கோடு ஒரு சொல்லை எடுப்பதால் அழிந்துவிடாது என்பது நமக்குத் தெரியும். ஆனாலும் கவனியுங்கள். ஒரு நல்ல உதவி ஆசிரியர் என்றைக்கோ செய்திருக்க வேண்டிய திருத்தம் இது. அரசாங்கம் வந்து செய்ய வேண்டியதாகிவிட்டது.

சொல்லைத் திருத்துவது நமக்குப் புதுசு கிடையாது. ரெட்டமலை சீனிவாசன் 1893இல் தன் பத்திரிகைக்குப் 'பறையன்' என்றே பெயர் வைத்தார். வசவாக எறியப்பட்ட சொல்லை எடுத்துத் தலைப்பாக்கினார். அயோத்திதாசர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். எம்.சி. ராஜா போன்றவர்களின் முயற்சியால் 1922இல் சென்னை அரசாங்கம் தன் பதிவுகளில் 'ஆதிதிராவிடர்' என்கிற பெயரை ஏற்றது. இவர்களெல்லாம் நம் முதல் செய்தி மேசை. எந்தப் பயிலரங்கிலும் இவர்கள் பெயரைப் பாடமாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

வெளிநாட்டு மேசைகளைக் கொஞ்சம் பார்ப்போம். அமெரிக்காவில் செய்தி செப்பனிடுகிறவர்களுக்கென்றே 1997இல் ஒரு சங்கம் ஏற்பட்டது. வருஷா வருஷம் மாநாடு கூட்டி, தலைப்பு வைப்பதிலிருந்து சொல் தேர்வு வரைக்கும் வகுப்பு நடத்துகிறார்கள். அங்கேயும் மேசை சும்மா மாறவில்லை. ஜார்ஜ் ஃபிளாய்ட் 2020 மே மாதம் போலீஸ்காரர் முழங்காலுக்கடியில் செத்தார். தெரு கொதித்தது. அதற்கடுத்த மாதம்தான் அசோசியேட்டட் பிரஸ் நிறுவனம், கறுப்பின மக்களைக் குறிக்கும் சொல்லின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக அச்சிடுவது என்று தன் நடைக் கையேட்டை மாற்றியது. ஒரே ஒரு எழுத்து! அதற்குப் பின்னால் எத்தனை காலத்துப் போராட்டம்.

நம் மொழியில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது. நமக்கு விகுதி இருக்கிறது. 'அர்' பெரிய எழுத்து, 'அன்' சின்ன எழுத்து. ஆடு திருடியதாகச் சொல்லப்படுகிற கூலிக்காரன் 'பிடிபட்டான்'. கோடிக்கணக்கில் சுருட்டிய முதலாளி 'கைது செய்யப்பட்டார்'. இரண்டு பேர் மேலும் குற்றம் இன்னும் நிரூபிக்கப்படவில்லை. பிறகு விகுதி மட்டும் ஏன் தீர்ப்பெழுதுகிறது? இப்போது சில பத்திரிகைகள் எல்லோருக்கும் 'அர்' போடுகின்றன, நல்லது. ஆனால் பழைய பழக்கம் இன்னும் முழுசாக விட்டுப்போகவில்லை. எழுபது வயசுக் கிழவரை ஏழு வயசுப் பொடியன் "டேய்" என்று கூப்பிட்ட நிலத்திலிருந்து வந்த விகுதி அது. இலக்கணப் புத்தகத்தில் அதைத் தேடினால் கிடைக்காது.

இன்னொரு தலைப்பு: 'விஷவாயு தாக்கி 2 பேர் பலி'. இந்த வாக்கியத்தில் கொலைகாரர் யார்? வாயு! குழிக்குள் இறக்கிவிட்டவர் எங்கே போனார்? மனிதரை அப்படி இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. சாவுக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, 2023இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. நீதிமன்றம் பொறுப்பாளியைத் தேடுகிறது, தலைப்பு அவரைத் தப்பிக்க விடுகிறது. பக்கத்துப் பரமக்குடியில் 2011 செப்டம்பர் 11 அன்று, இம்மானுவேல் சேகரன் நினைவு நாளில், போலீஸ் சுட்டது. 6 தலித்துகள் செத்தார்கள். அதைப் 'பரமக்குடி கலவரம்' என்று எழுதுகிறவருக்கும் 'பரமக்குடி துப்பாக்கிச் சூடு' என்று எழுதுகிறவருக்கும் நடுவில் இருப்பது ஒரு சொல். அந்த ஒரு சொல்லில் சுட்டவர் மறைந்தும் போகலாம், வெளியே தெரியவும் செய்யலாம்.

இதெல்லாம் ஏன் மேசையில் இருப்பவர் கண்ணுக்குத் தெரியவில்லை? அங்கே உட்கார்ந்திருப்பது யார் என்று பார்த்தால் புரியும். 1996இல் வாஷிங்டன் போஸ்ட் நிருபர் கென்னத் கூப்பர், தலித் பத்திரிகையாளர் ஒருவரைக் காட்டச் சொல்லி பி.என். உனியாலிடம் கேட்டார். டெல்லியில் அரசு அங்கீகாரம் பெற்ற 686 செய்தியாளர் பட்டியலை வைத்துக்கொண்டு உனியால் தேடிப் பார்த்தார். ஒருவரும் அகப்படவில்லை. 2006இல் டெல்லியின் 37 ஊடகங்களில் முடிவெடுக்கும் இடத்தில் இருந்த 315 பேரை ஆராய்ந்தார்கள். தலித்தோ ஆதிவாசியோ ஒருவரும் இல்லை. 2019இல் ஆக்ஸ்ஃபாம் இந்தியாவும் நியூஸ்லாண்ட்ரியும் 121 தலைமைப் பதவிகளைப் பார்த்ததில் 106 இடம் உயர்சாதியினரிடம் இருந்தது. நமக்கு அப்போதும் பூஜ்யம். இவை டெல்லிக் கணக்கு, ஆங்கில, இந்திக் கணக்கு. தமிழ் மேசைகளுக்கு யார் கணக்கெடுப்பது? அமெரிக்காவில் 1968இல் கெர்னர் கமிஷன் பத்திரிகைகளின் வெள்ளைப் பார்வையைச் சாடியது. பத்திரிகை ஆசிரியர்களின் சங்கம் 1978இல், 2000க்குள் மக்கள்தொகை விகிதப்படி சிறுபான்மையினரை எடுப்போம் என்று இலக்கு வைத்தது. இலக்கை எட்ட முடியாமல் 1998இல் அதை 2025க்குத் தள்ளிவைத்தது. தோற்றுப்போனாலும் எண்ணிப் பார்த்தார்கள். இங்கே எண்ணவே பயப்படுகிறார்கள்.

ஆகவே பயிலரங்குகள் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. இன்னும் ஒரு பாடம் சேருங்கள் என்கிறோம். மேலவளவை எடுத்துக்கொள்ளுங்கள். 1997 ஜூன் 30 அன்று ஊராட்சித் தலைவர் முருகேசனும் இன்னும் 5 பேரும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். தனித்தொகுதி ஆக்கப்பட்ட ஊராட்சியில் அவர் தலைவரானதுதான் காரணம். இதை 'முன்விரோதம்' என்ற சொல் இல்லாமல் எட்டு வரியில் எழுதுங்கள் என்று வகுப்பில் கொடுங்கள். அடித்தவரும் அடிபட்டவரும் வாக்கியத்தில் தெரிகிறார்களா என்று பாருங்கள். விகுதியை எண்ணுங்கள். அந்த வகுப்பில் நம் பிள்ளைகள் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றும் எண்ணுங்கள்.

நரிக்குடி வட்டாரத்தில் சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர்களின் பிள்ளைகள் இன்றைக்குக் கல்லூரிக்குப் போகிறார்கள். ஒற்று எங்கே மிகும் என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தால் ஒரு வாரத்தில் பிடித்துக்கொள்வார்கள். 'இரு தரப்பினர் மோதல்' என்ற தலைப்பில் எந்தத் தரப்பு எங்கே போய்விட்டது என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.