முடிச்சிலிருந்து பாலம் வரை

சாரணர் பயிற்சியில் எனக்கு மிகவும் பிடித்தது கயிற்று வேலை. 1907இல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் சாரணர் இயக்கத்தை நிறுவிய பேடன் பவல் நடத்திய முகாமிலேயே முடிச்சும் ஒரு பாடம். நம் பள்ளிகளில் பிரதம் சோபான் என்ற படிநிலைக்கு வரும் சிறுவன் முதலில் ரீஃப், குளோவ் ஹிட்ச், போலைன் போன்ற முடிச்சுகளைப் பழகுகிறான். ரீஃப் தட்டையாகப் படியும், காயக்கட்டில் உறுத்தாது. ஆனால் உயிரைத் தாங்கும் கயிறுகளை இணைக்க அதை நம்பக் கூடாது, நழுவிவிடும். இந்த வேறுபாடு விரலுக்குப் பிடிபட்ட பிறகே கம்புகளைப் பிணைக்கும் சதுரக் கட்டு வருகிறது. அதைத் தொடங்குவதும் பழைய குளோவ் ஹிட்ச்சில்தான்! பிறகு முக்காலி, கொடிக்கம்பம், ஆள் நடக்கும் பாலம்.

பத்து வயதுக் கையின் வலு எவ்வளவு என்று அறிந்து போட்ட வரிசை இது. பேட்ஜுக்காக ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் திணிப்பதைப் பார்த்தால் மனம் பொறுக்கவில்லை. தன் கட்டின்மேல் இன்னொருவன் ஏறி நிற்கப்போகிறான் என்ற பொறுப்பு புரிய, பையனுக்குச் சில வருடங்கள் வேண்டும்.