ஞானாம்பாளின் ஆண்வேடம்: கல்வியும் உரிமையும்

தமிழின் முதல் நாவலாகக் கருதப்பெறும் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ (1879) பெண்கல்வியை வலியுறுத்தும் படைப்பாகவே பெரிதும் போற்றப்படுகிறது. அதன் ஆசிரியர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை முன்சீப்பாகப் பணியாற்றியவர். நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் தொகுத்தளித்தவர். இப்பின்புலத்தோடு நாவலை நோக்குதல் வேண்டும்.

கல்வியிற் சிறந்த ஞானாம்பாள் ஆணுடையில் விக்கிரமபுரியின் அரசாகி நீதி வழங்குகிறாள். வழக்காடுவோர் அறியாத ஆங்கிலத்தில் வழக்கறிஞர் வாதிடும் முறையும் நாவலில் கண்டிக்கப்படுகிறது. மக்கள் மொழியில் அமையாத சட்டம் உரிமையுடையோர்க்கே எட்டாது போகும் என்னும் முன்சீப்பின் பட்டறிவு இங்குப் புலப்படுகிறது.

எனினும், ஞானாம்பாளின் அறிவு ஆண்வேடத்திலேயே அதிகாரம் பெறுகிறது. வேடம் களைந்ததும் அவள் இல்லறத்துக்கு மீள்கிறாள். கல்வி தகுதியைத் தந்ததேயன்றி உரிமையைத் தரவில்லை. இதனைக் கதை உத்தி என்று மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. பெண்கள் வழக்கறிஞராவதற்கிருந்த தடையை நீக்கிய சட்டம் 1923இல்தான் வந்தது. இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்குப் பிறப்புவழிப் பங்கு தமிழ்நாட்டில் 1989இலும், மைய அரசின் திருத்தத்தால் 2005இலும் கிடைத்தது.

இன்று நிலை மாறியுள்ளது. உரிமை ஏட்டில் உள்ளது. அதனை அறியாமலே விடுதலைப் பத்திரத்தில் கையொப்பமிடும் மகளிரும் உளர். ஞானாம்பாளுக்குச் சட்டம் இல்லை. இவர்களுக்குச் சட்டத்தெளிவு இல்லை. இரண்டும் இணையாத கல்வி முழுமை பெறாது என்பதே இந்நாவலை மறுவாசிப்புச் செய்வோர் பெறும் தெளிவாகும்.