புள்ளிக்கு எத்தனை பிக்சல்?



ஒரு மாணவியின் மதிப்பெண்ணைத் தவறாகக் குறைத்த கதையிலிருந்து தொடங்குகிறேன். குறைத்தது நான்தான். படிவம் 5 மாணவர்களுக்கு வலிமிகும் இடங்களில் ஒரு பயிற்சி கொடுத்திருந்தேன். பத்தியில் ஒற்றுப்பிழை உள்ள 4 சொற்களைக் கண்டுபிடித்துத் திருத்த வேண்டும். அந்த மாணவி 7 சொற்களுக்குக் கோடிட்டிருந்தாள். 4 சரி, 3 மிகை. அதில் ஒன்று 'அந்தப் பையன்'. அதைத் திருத்துகிறேன் என்று மீண்டும் 'அந்தப் பையன்' என்றே எழுதியிருந்தாள். கவனக்குறைவு என்று சிவப்பு மையில் குறித்துவிட்டேன்.

மறுநாள் தாளோடு வந்தாள். "டீச்சர், என் தாள்ல 'அந்தப பையன்'னுதான் இருக்கு, பாருங்க." பார்த்தேன். புள்ளி இல்லை. என் மடிக்கணினியில் இருந்த கோப்பில் புள்ளி இருந்தது.

அந்தத் தாள் வந்த வழி நம் எல்லாருக்கும் பழக்கமானதுதான். யாரோ ஒருவர் வருடியில் வருடினார், புலனக் குழுவில் படமாகப் போட்டார், அதை இன்னொருவர் திரைப்பிடிப்பு எடுத்து வேறு குழுவில் போட்டார், கடைசியில் பள்ளி ஒளிநகல் இயந்திரத்துக்குப் போனது. ஒவ்வொரு கட்டத்திலும் யாராவது ஒருவர் "தெளிவாத்தான் இருக்கு" என்று சொல்லியிருப்பார். நானும் சொன்னேன். இந்தக் கட்டுரை அந்த வாக்கியத்தின் மீதான விமர்சனம்.

கண்ணால் பார்த்து 'தெளிவு' என்று சொல்வதில் என்ன குறை? நம் கண் அளப்பதில்லை, ஊகிக்கிறது. எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் ஏடெல்சன் 1995-இல் வெளியிட்ட சதுரங்கக் கட்டப் படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். நிழலில் உள்ள ஒரு கட்டம் வெளிறியும், வெளிச்சத்தில் உள்ள ஒரு கட்டம் கறுத்தும் தெரியும். படத்தொகுப்பு மென்பொருளில் திறந்து இரண்டின் மீதும் நிறமெடுப்பானை வைத்தால் ஒரே எண்தான் வரும். தமிழாசிரியரின் கண் இன்னும் மோசம். நமக்குப் பாடம் மனப்பாடம் என்பதால் இல்லாத புள்ளியையும் சேர்த்தே வாசித்துவிடுவோம். மாணவர் தாளில் இருப்பதை மட்டும்தான் வாசிப்பார்.

அன்று இரவு இரண்டு கோப்புகளையும் கிம்ப் மென்பொருளில் திறந்தேன். இது இலவசம் என்பதால்தான் இதைச் சொல்கிறேன். ஃபோட்டோஷாப் இருந்தால் அதில் தகவல் பலகம் இதே வேலையைச் செய்யும். (பிக்சலைப் 'படப்புள்ளி' என்றும் எழுதலாம். ஆனால் இந்தக் கட்டுரையில் ஏற்கெனவே ஒரு புள்ளி இருக்கிறது, குழப்ப வேண்டாம்.) 800 விழுக்காடு பெரிதாக்கினால் ஒவ்வொரு பிக்சலும் தனிச் சதுரமாகத் தெரியும். கைப்பேசியில் படம் பார்க்கும் செயலிகளில் இரு விரலால் விரித்துப் பார்ப்பது பெரும்பாலும் இதற்கு உதவாது. அவை சதுரங்களின் ஓரத்தை மழுப்பி, இல்லாத வழவழப்பைக் காட்டும்.

மூலக் கோப்பு 2480 பிக்சல் அகலம். ஏ4 தாளை அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று வருடினால் வரும் அளவு அது. அளவு கருவியால் 'ப்' மேலுள்ள புள்ளியின் இரு ஓரங்களைத் தொட்டு இழுத்தேன்: 4 பிக்சல். குழுவிலிருந்து வந்த கோப்பு 620 பிக்சல் அகலம், சரியாகக் கால்பங்கு. அப்படியானால் புள்ளிக்கு மிஞ்சுவது 1 பிக்சல். ஒன்றாவது இருக்கிறதே, பிறகு ஏன் சில புள்ளிகள் மட்டும் காணாமல் போயின?

இங்கேதான் எண்கள் உதவின. 8 பிட் படத்தில் 0 என்றால் முழுக் கறுப்பு, 255 என்றால் முழு வெள்ளை. படத்தைக் கால்பங்காகச் சுருக்கும்போது 4-க்கு 4, மொத்தம் 16 பிக்சல்கள் கலந்து ஒரே பிக்சலாகின்றன. நம் புள்ளியை 4 பிக்சல் சதுரம் என்றே வைத்துக்கொள்வோம். அது அந்தக் கட்டத்துக்குள் சரியாக விழுந்தால் 0, நல்ல கறுப்பு. 4 கட்டங்கள் கூடும் மூலையில் விழுந்தால் ஒவ்வொன்றுக்கும் கால்பங்கு கறுப்புதான் கிடைக்கும், அதாவது ஏறக்குறைய 191. ஒரே எழுத்துரு, ஒரே அளவு, ஒரே வரி. ஒரு புள்ளி கறுப்பு, அடுத்த புள்ளி மங்கிய சாம்பல்! என் மாணவியின் 'ப்' மேல் நிறமெடுப்பானை வைத்தபோது 178, 185, 193, 190 என்று 4 பிக்சல்கள். சுற்றியிருந்த தாளின் மதிப்பு 236. திரையில் அந்தச் சாம்பல் தெரியத்தான் செய்தது. அதனால்தான் 'தெளிவாத்தான் இருக்கு'. ஆனால் கறுப்பு வெள்ளை மட்டும் என்ற அமைப்பில் நகலெடுத்தால் 128-க்கு மேல் உள்ளதெல்லாம் வெள்ளை என்பது போன்ற ஒரு கோடு போடப்படும். புள்ளி வெள்ளைப் பக்கம் போய்விட்டது.

ஆங்கிலத் தாளில் இப்படி ஒன்றிரண்டு புள்ளி போனால் பெரும்பாலும் வாசகர் தப்பித்துக்கொள்வார். நமக்குப் புள்ளி என்பது இலக்கணம். 'பல் மருத்துவர்' புள்ளி போனால் 'பல மருத்துவர்'. நெடில் கொம்பின் சின்னச் சுழி அடைந்துபோனால் 'கேட்டான்' என்பவன் 'கெட்டான்' ஆகிவிடுவான், 'கோடு' 'கொடு' ஆகும். ஓலைச்சுவடிக் காலத்தில் ஏட்டில் புள்ளி வைப்பது அரிது, குறில் கொம்பும் நெடில் கொம்பும் ஒன்றுபோல இருந்தன. இடம் பார்த்துத்தான் வாசிக்க வேண்டும். வீரமாமுனிவர் (1680–1747) ஏகார ஓகாரங்களை வேறுபடுத்தித் தந்ததை நாமே வகுப்பில் நடத்துகிறோம். நடத்திவிட்டு, அந்த வேறுபாட்டை அழித்த தாளையும் விநியோகிக்கிறோம்.

என் அதிகபட்சக் கோபம் ஒளிநகல் இயந்திரத்தின் மேல் இல்லை. கைப்பேசி வருடிச் செயலிகளில் தாளைப் பளிச்சென்று வெள்ளையாக்கும் ஒரு வடிகட்டி இருக்கிறதே, அதன் மேல்தான். நம்மில் பலருக்கு அது மிகவும் பிடிக்கும். பின்னணியின் 236-ஐ 255-ஆக உயர்த்தும் வேகத்தில் அது 190-ஐயும் சேர்த்துத் தூக்கிவிடும். மாறுபாட்டைக் கூட்டி 'சரிசெய்வதும்' இதே வேலைதான். ஒருமுறை 255 ஆனபின் அங்கே புள்ளி இருந்தது என்பதற்கு எந்தத் தடயமும் இல்லை, எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. சாம்பல் படிந்த அழுக்குத் தாள் அதைவிட நல்ல தாள்.

அளக்கும் கருவிகளையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடாதீர்கள். நிறமெடுப்பானில் சுற்றுவட்டாரச் சராசரி எடுக்கும் தெரிவு ஒன்று உண்டு. அது இயங்கிக்கொண்டிருந்தால் புள்ளியோடு சுற்றியுள்ள தாளையும் சேர்த்து எண் சொல்லும். நான் முதல் அரைமணி நேரம் அப்படித்தான் ஏமாந்தேன். ஒரு பிக்சல் மட்டும் என்று மாற்றிக்கொள்ளுங்கள். சில இடங்களில் மதிப்பு விழுக்காட்டில் வரும். 75 விழுக்காடு என்றால் நம் 191. மேலும், எண் நன்றாக இருப்பதாலேயே தாள் நன்றாக வாசிக்கப்படும் என்று சொல்ல முடியாது. சின்ன எழுத்தில் நெருக்கி அடித்த பத்தி 300-இல் வருடினாலும் சின்ன எழுத்துதான்.

"இதுக்கெல்லாம் எங்க நேரம்?" என்று கேட்பீர்கள். நியாயம். எல்லாத் தாளையும் அளக்கச் சொல்லவில்லை. பக்கத்துக்கு மூன்று இடம் பாருங்கள்: சொல்லின் கடைசியில் ஒரு மெய்யெழுத்து, ஒரு நெடில் கொம்பு, பக்க மூலையில் உள்ள ஒரு 'ண்'. புள்ளி 3 பிக்சலுக்குக் குறைவாக இருந்தால் அந்தக் கோப்பை நகலெடுக்காதீர்கள், அனுப்பியவரிடம் மூலத்தைக் கேளுங்கள். வருடும்போது 300, சாம்பல் முறை. புலனத்தில் படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்பினால் அளவு சுருங்காது. தட்டச்சுக் கோப்பே கையில் இருந்தால் வருடவே வேண்டாம், பிடிஎஃப் ஆக்கி அனுப்பினால் போதும்.

மாணவர்களே, தாளில் ஒரு சொல் சந்தேகமாக இருந்தால் பக்கத்து மேசைத் தாளோடு ஒப்பிடாதீர்கள், அதுவும் அதே இயந்திரத்தில் வந்ததுதான். கையை உயர்த்திக் கேளுங்கள்.

மாணவிக்கு மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுத்தேன். அத்தோடு என் கோப்புறையில் இருந்த வலிமிகும் இடப் பயிற்சிகள் 14-ஐயும் அளந்து பார்த்தேன். 5 தாள்களைத்தான் வைத்துக்கொண்டேன். மீதி 9-ஐயும் மறுபடி தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன். 3 முடிந்திருக்கிறது.