பேலா பஜாரியா: வாய்ப்பும் அவகாசமும்

பேலா பஜாரியா அமெரிக்கத் தொலைக்காட்சி நிர்வாகி. 2023 ஜனவரி முதல் நெட்ஃபிளிக்ஸ் நிறுவனத்தின் தலைமை உள்ளடக்க அதிகாரியாக இருக்கிறார். திரையில் அதிகம் இடம்பெறாத மக்களின் கதைகளுக்கு வாய்ப்பளித்தவர் என்று பாராட்டப்படுகிறார். இப்பாராட்டு எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதை, அவர் பொறுப்பில் இருந்தபோது வந்த தொடர்களைக் கொண்டே மதிப்பிட வேண்டும்.

வாழ்க்கை, பணி

பஜாரியா குஜராத்தி வம்சாவளிக் குடும்பத்தில் லண்டனில் பிறந்தார். சிறுவயதில் சில காலம் சாம்பியாவில் வளர்ந்து, பின்னர் லாஸ் ஏஞ்சல்ஸில் குடியேறினார். 1996இல் சிபிஎஸ் நிறுவனத்தில் சேர்ந்தார். 2011இல் யுனிவர்சல் டெலிவிஷன் தயாரிப்பு நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். 2016இல் அப்பதவியிலிருந்து நீக்கப்பட்டு, அதே ஆண்டில் நெட்ஃபிளிக்ஸுக்கு வந்தார். 2019இல் பிறமொழித் தொடர்களுக்கும், 2020இல் உலகளாவிய தொலைக்காட்சிப் பிரிவு முழுமைக்கும் பொறுப்பேற்றார்.

யுனிவர்சல் காலம்

இக்காலத்தின் முக்கியமான தொடர் 'த மிண்டி ப்ராஜெக்ட்'. தமிழ்த் தந்தைக்கும் வங்காளத் தாய்க்கும் பிறந்த மிண்டி கேலிங் தானே உருவாக்கி, தானே நாயகியாக நடித்தது. மூன்று சீசன்களுக்குப் பின் 2015இல் ஃபாக்ஸ் தொலைக்காட்சி இதைக் கைவிட்டது. ஆனால் தொடர் ஹூலு ஓடிடி தளத்துக்கு மாறி, மேலும் மூன்று சீசன்கள் வந்தது. ஒரு கதைக்கு இடம் கொடுப்பதோடு நில்லாமல், அது நிலைபெற அவகாசமும் தேடித் தந்ததற்கு இது நல்ல சான்று.

தமிழ் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த அசீஸ் அன்சாரியின் 'மாஸ்டர் ஆஃப் நன்' தொடரும் யுனிவர்சல் தயாரிப்பே. ஒரே தொடரில் இரண்டு இந்தியர்கள் நடிக்க முடியாதா என்ற கேள்வியை அதன் ஒரு பகுதி நேரடியாகவே எழுப்பியது.

நெட்ஃபிளிக்ஸ் காலம்

அந்தந்த நாட்டுக் கதைகளை அந்தந்த நாட்டினரே தேர்ந்தெடுக்க வேண்டும், உலகத்துக்காக அவற்றின் மண்வாசனையைக் குறைக்கக் கூடாது என்பது பஜாரியாவின் அணுகுமுறை. இதன் பெரிய வெற்றி 2021இல் வெளியான கொரியத் தொடர் 'ஸ்குவிட் கேம்'. இயக்குநர் ஹ்வாங் டோங்-ஹியூக் இக்கதையை ஏறத்தாழ பத்து ஆண்டுகள் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். 2022இல் அவருக்குச் சிறந்த இயக்குநருக்கான எம்மி விருதும், லீ ஜுங்-ஜேவுக்குச் சிறந்த நடிகருக்கான எம்மி விருதும் கிடைத்தன.

தமிழ்க் குடும்பத்துப் பெண் தேவியின் கதையான 'நெவர் ஹேவ் ஐ எவர்' 2020 முதல் 2023 வரை நான்கு சீசன்கள் வந்தது. முதல் சீசன், பஜாரியா முழுப் பொறுப்பேற்பதற்கு முன்பே வெளியாகிவிட்டது. ஈழத் தமிழ்ப் பெற்றோரின் மகளான கனடா நடிகை மைத்ரேயி ராமகிருஷ்ணன், விண்ணப்பித்த சுமார் 15,000 பேரிலிருந்து நாயகியாகத் தேர்வானார். எனினும் இத்தொடரில் தமிழ் அடையாளம் உண்டே தவிர, உரையாடல் பெரும்பாலும் ஆங்கிலமே.

விமர்சனம்

கொரிய மொழி உலகச் சந்தையில் ஓரத்தில் இருந்திருக்கலாம். தன் நாட்டில் அது அனைவரின் மொழி. அதற்கு வலுவான திரைத்தொழிலும் சொந்தப் பார்வையாளர்களும் உண்டு. ஒரு நாட்டுக்குள்ளேயே சிறுபான்மையாக வாழும் மக்களின் நிலை வேறு. லாஸ் ஏஞ்சல்ஸ் மெக்சிகோ வம்சாவளிக் குடும்பம் ஒன்றைச் சித்திரித்த 'ஜென்டிஃபைட்' இரண்டு சீசன்களோடு 2022இல் நிறுத்தப்பட்டது. அப்போது தொலைக்காட்சிப் பிரிவின் பொறுப்பில் இருந்தவர் பஜாரியா.

பார்வையாளர் எண்ணிக்கையையும் செலவையும் ஒப்பிட்டே நெட்ஃபிளிக்ஸ் தொடர்களின் ஆயுளை முடிவு செய்கிறது. வணிக நிறுவனம் கணக்குப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் எல்லாத் தொடர்களையும் ஒரே அளவுகோலால் அளந்தால், சிறிய சமூகத்தின் கதை தொடக்கத்திலேயே பின்தங்கிவிடும். 2015இல் மிண்டி கேலிங்கின் தொடருக்கும் எண்ணிக்கை குறைவுதான். அன்று அதற்கு வேறொரு புகலிடம் இருந்தது. நெட்ஃபிளிக்ஸ் தானே எடுத்த தொடரைக் கைவிட்டால், அதை வேறொரு தளம் ஏற்பது அரிது.

மதிப்பீடு

ஆங்கிலமல்லாத தொடர்களை உலகம் விரும்பிப் பார்க்கும் என்பதை நிறுவியதில் பஜாரியாவின் பங்கு பெரியது. அது மறுக்க முடியாத சாதனை. ஆனால் வெவ்வேறு நாடுகளின் பெரும்பான்மை மொழிகளுக்குக் கிடைத்த இடம், அந்நாடுகளின் சிறுபான்மையினருக்கு அதே உறுதியோடு கிடைக்கவில்லை. யுனிவர்சலில் இருந்தபோது ஒரு தொடருக்குக் கிடைத்த அவகாசத்தை, இன்று முடிவெடுக்கும் இடத்தில் இருந்துகொண்டு எத்தனை தொடர்களுக்கு அளிக்கிறார் என்பதே அவரை மதிப்பிடச் சரியான அளவுகோல்.