வடசென்னை வரலாறும் சாட்சிகளின் தெரிவும்

நம் சபைகளின் நூற்றாண்டு மலர்களிலும் இறையியல் மாணாக்கரின் ஆய்வேடுகளிலும் பொதுவாகக் காணப்படும் குறை ஒன்றுண்டு. இராயபுரம், தண்டையார்ப்பேட்டை, திருவொற்றியூர் ஆகிய பகுதிகளின் வரலாற்றை எழுதப் புகுவோர், கைக்கு முதலில் எட்டும் நூலையே முழுச் சாட்சியாகக் கொள்கின்றனர். அந்நூலாசிரியரின் விருப்பு வெறுப்புகளும் அவர்கள் எழுத்தில் அறியாமலே குடியேறிவிடுகின்றன.

எளிய சான்று ஒன்று. இப்பகுதியின் வரலாறு 1639இல் ஆங்கிலேயர் நிலம் பெற்றதோடு தொடங்குவதாகப் பலர் எழுதுகின்றனர். ஹென்றி டேவிசன் லவ் 1913இல் வெளியிட்ட பழஞ்சென்னை பற்றிய பெருநூல் இன்றும் பயனுடையதே. ஆனால் அது பெரிதும் கம்பெனியின் ஆவணங்களைக் கொண்டு எழுந்தது. கம்பெனி கண்டதையே அது காட்டும். திருவொற்றியூர்க் கோயிலின் பல்லவ, சோழர் காலக் கல்வெட்டுகளோ, கோட்டை எழுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே அங்கு ஊரும் மடமும் கல்வியும் தழைத்ததை உரைக்கின்றன. கல்வெட்டைப் படியாதவன் கம்பெனியின் கண்ணாடியையே தன் கண் என்று நம்புகிறான்.

இதனினும் கடினமானது 1921ஆம் ஆண்டின் செய்தி. பெரம்பூர் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளின் வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளருட் பெரும்பாலோர் சேரவில்லை. புளியந்தோப்பில் கலகம் மூண்டது, குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் மாய்ந்தன. திரு.வி.க.வின் வாழ்க்கைக் குறிப்புகளை மட்டும் கற்பவர் இதனைத் தொழிற்சங்கத்தின் துயரமாகக் காண்பர். அரசின் அறிக்கைகளை மட்டும் கற்பவர் ஒழுங்கைக் காத்த கதையாகக் காண்பர். சர் பிட்டி தியாகராயரின் கூற்றை மட்டும் கற்பவர், அரசு ஆதிதிராவிடர்க்குச் சலுகை காட்டியதே காரணம் என்று முடிப்பர். எம்.சி. ராஜாவின் குரலைக் கேட்டாலன்றி, சங்கத்தின் அழைப்பு அம்மக்கள் செவியில் வேறுவிதமாக ஒலித்தது ஏன் என்பது விளங்காது. இப்பகுதிச் சபைகள் பலவற்றில் இன்று வழிபடுவோர் அத்தகைய குடிசைகளில் வாழ்ந்தோரின் வழித்தோன்றல்களே. அவர்தம் பாட்டனாரைக் கருங்காலிகள் என்று ஒரு சொல்லில் தள்ளும் ஏட்டை எவ்வாறு நாம் மலராக அச்சிடுவது?

நடுநிலை என்பது இரு பக்கத்திற்கும் சமபக்கங்கள் ஒதுக்குவதன்று. ஒவ்வொரு சாட்சியிடமும் நான்கு வினாக்களை எழுப்புதல் வேண்டும். எழுதியவர் யார்? நிகழ்ந்த உடனேயா, நெடுநாள் கழித்தா? யாருக்காக எழுதினார்? எதைச் சொல்லாது விட்டார்? திரு.வி.க.வின் நூல் வெளிவந்தது 1944இல். நிகழ்ச்சிக்கும் நூலுக்கும் இடையே இருபத்துமூன்று ஆண்டுகள். அதனால் அது பொய்யாகாது. நினைவின் சாட்சியாகவே அதனை எடை போடுதல் வேண்டும். மிஷனெறி அறிக்கைகளுக்கும் இவ்விதியே பொருந்தும். அவை பெரும்பாலும் கடல் கடந்த ஆதரவாளர்க்காக எழுதப்பெற்றவை. எழுத்தில்லாதோரின் சாட்சியை முதியோரின் வாய்மொழியில் தேடுதலும் நம் கடன். அதனையும் பிற ஏடுகளோடு ஒப்புநோக்கியே ஏற்றல் வேண்டும்.

மனாசே அரசனைப் பற்றி இராஜாக்களின் நூல் கூறுவது ஒன்று. அவன் சிறையிருப்பில் தன்னைத் தாழ்த்தியதை நாளாகமம் கூட்டி உரைக்கிறது. திருச்சபை ஒன்றைக் காக்க மற்றொன்றை அழிக்கவில்லை. இரண்டையும் ஒரே திருமறையில் வைத்தது. மறைநூலை இவ்வாறு கற்பிக்கும் நாம், நம் தெருவின் வரலாற்றை ஒரே சாட்சியின் வாயால் தீர்ப்பிடலாகாது.